அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?

முதன்முதலாக அந்த டீச்சரை நான் பார்த்தது, காரைக்காலிலிருந்து நெரவி வரும் பஸ்ஸில். நல்ல வெயில் நேரம், நெருக்கியடிக்கும் கூட்டம். ஏறி நின்ற ஒரு பெரியவரை எங்கே உட்கார வைப்பது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் உட்காரட்டும், காற்று வரும் என்றார் ஒருவர். வெயில் மூஞ்சியில் அடிக்கும், இந்தப் பக்கம் உட்காரட்டும் என்றார் இன்னொருவர். கண்டக்டரும் சேர்ந்துகொண்டு தன் பங்குக்கு ஒரு நியாயம் சொன்னார். பெரியவர் கம்பியைப் பிடித்தபடி மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பினார். "இவ்வளவு பேசுறீங்களே, அவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் எறங்கணுங்க. என் ஸ்டாப்பு போயி ரொம்ப நேரமாச்சு" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நிறுத்துங்க தம்பி, எறங்கட்டும்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

அவர்தான் என் மகள் அபிராமிக்கு இங்கிலீஷ் எடுக்கும் டீச்சர் என்பது பிறகு தெரிந்தது. அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு நாளும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. தலத்தெருவில் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் தெருக்காரர்களுக்கு அது இன்றைக்கும் சொல்தா வீடுதான். ஒல்லியான உடம்பு. கஞ்சி போட்ட நூல் புடவை. பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அதுவே பாதிப் பேருக்குப் பிடிக்காது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'என்ன சொல்லிச்சு டீச்சர்'. இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டு, அதைப் பார்த்த நாலு பிள்ளைகள் வந்து புகார் சொன்னால் முழுக்கக் கேட்டுக்கொள்வாராம். கேட்டுவிட்டு, "சரி, அடி வாங்கின புள்ள என்ன சொல்லிச்சு?" என்பாராம். அடி வாங்கிய பிள்ளை வந்து வாயைத் திறக்கும்வரை காத்திருப்பார். பீரியட் முடிந்தாலும் சரி.

இது பள்ளிக்கூடத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் எங்கள் ஊர் சிவன் கோயில் திருக்கல்யாணத்துக்கு அபி கூப்பிட்டதால் வந்திருந்தார். சீர்வரிசைத் தட்டில் ஒன்றை அவர் கையிலும் கொடுத்திருந்தோம். பக்தியாகத்தான் நின்றார். மேளம் கொட்டி, குருக்கள் திருமாங்கல்யத்தை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டுகிற நேரம். என் காதருகே குனிந்து, "அம்மன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களாங்க?" என்றார்.

எனக்குப் பகீரென்றது. கோயிலில், அதுவும் மாங்கல்யதாரணம் ஆகும்போது பேசுகிற பேச்சா? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கூட்டம் கலைந்ததும் மனசு தாங்காமல் குருக்களிடம், "டீச்சர் இப்படிக் கேக்கறாங்க சாமி" என்று போட்டுக்கொடுத்தேன்.

குருக்கள் கோபப்படவில்லை. விபூதியைக் கொடுத்துக்கொண்டே, "கேக்கறதாவது. இவர்தான் வேணும்னு அவதானே தபஸ் இருந்தா. ஆத்துல யாரும் சொன்னதைக் கேக்காம, சாப்பாடு இல்லாம இருந்து வாங்கிண்ட வரன்னா இது" என்றார்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பச் சரிங்க" என்று விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கற்கண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷமாக அந்தக் கல்யாணத்தைப் பார்க்கிற எனக்கு, அது அம்மன் கேட்டு வாங்கிய கல்யாணம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனாலும் அவர் மேல் ஒரு பயம் வந்துவிட்டது. இந்த அம்மா எங்கே எதைக் கேட்பார் என்று சொல்லமுடியாது.

அபி பதினொன்றாவது முடித்து மே மாத லீவு விட்டபோது, அவர் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். கிரேக்க தேசத்துப் பழைய சாமிக் கதைகள். லீவில் படித்துவிட்டு, பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு கதையைப் பற்றி இங்கிலீஷில் பேசவேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள், ஆனால் அட்டைப் படத்தைப் பார்த்தால் தெரியாதா? துணி பாதி நழுவிய ஒரு ஆள், கையில் சூலாயுதம். அபியையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்; டீச்சர்கள் இன்னும் பேப்பர் திருத்த வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏன் டீச்சர், நம்ம புராணத்துல இல்லாததா? யாரோ ஊர் சாமி கதைய வயசுப்புள்ளகிட்ட கொடுத்திருக்கீங்களே."

அவர் என்னை விட்டுவிட்டு அபியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"படிக்கிறேன் டீச்சர்" என்றாள் அபி. விஷயம் அதோடு முடிந்தது. நான் வீட்டுக்கு வந்து, சாமி அலமாரி இருக்கும் கூடத்தில் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது, கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்துப் படி என்று மட்டும் உத்தரவு போட்டேன்.

தாழ்வாரத்தில் நான் உளுந்து புடைக்கும்போது அவள் படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவாள். பெயர்கள் ஒன்றும் என் வாயில் நிற்காது. ஒரு கதை மட்டும் நின்றுவிட்டது. பயிர் பச்சைக்கெல்லாம் தாயான ஒரு தெய்வம். அவளுக்கு ஒரே மகள். மகள் பூப்பறிக்கும்போது பூமி பிளந்து, பாதாளத்து ராஜா வந்து தேரில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். சும்மா தூக்கவில்லை. பெண்ணைப் பெற்ற தகப்பன், தேவர்களுக்கெல்லாம் தலைவன், அந்தப் பாதாளத்து ராஜாவிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கிறான்.

"அம்மாக்காரிகிட்ட ஒரு வார்த்தகூட சொல்லலியா?" என்றேன்.

"சொல்லலம்மா."

முறத்தை வேகமாகத் தட்டினேன். மகளைத் தேடித் தேடி அந்தத் தாய் ஒரு விதையும் முளைக்காமல் செய்துவிடுகிறாள். உலகமே பட்டினி. சரி, பெண்ணைத் திருப்பி அனுப்பு என்கிறான் தகப்பன். அதற்குள் அந்தப் பெண் பாதாளத்தில் நாலு மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள். அங்கே ஒரு வாய் தின்றால் அந்த வீட்டுக்கு உரிமையாகிவிடுவாள். அதனால் வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. அவள் அங்கே இருக்கிற மாதங்களில் தாய் துக்கம் காப்பாள், நிலம் காய்ந்து கிடக்கும்.

கொல்லையைத் தாண்டினால் எங்கள் வயல். ஆற்றில் தண்ணீர் வராத மாதம், கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப கீழ்த்தாக்கு வயல்ல பருத்தி காய்ச்சிருக்கே, அத யாரு பாத்துக்கறா?" என்றார். அவர் வயலும் பார்த்துக்கொண்டு, டவுனில் ஒரு உரக்கடையில் வேலையும் பார்க்கிறவர். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

அந்தக் கதைக்கு டீச்சர் கொடுத்த கேள்விதான் அபியை லீவு முழுக்கப் படுத்தியது. அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறாள், தூக்கிப்போனவன் பேசுகிறான். அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?

"புத்தகத்துல இல்லம்மா. தேடிட்டேன். அவ பேசற எடம் ரொம்பக் கம்மி" என்பாள்.

வைகாசி பிறந்ததும் என் நாத்தனார் நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, அவர் சொல்லுக்கு இவர் மறு சொல் சொன்னதில்லை. கையில் ஒரு வரன். திருமலைராயன்பட்டினத்துப் பையன், சிங்கப்பூரில் வேலை.

"ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. லீவுல வந்திருக்கான். லீவு முடியறதுக்குள்ள பூ வெச்சிடணுங்கறாங்க. புள்ளைக்கு வயசு பூர்த்தியானதும் தையில கல்யாணம்" என்றார்.

"பன்னெண்டாவது இருக்கே அண்ணி" என்றேன்.

"அது பாட்டுக்கு அது. நீ எட்டாவதுதான் படிச்ச. எந்தம்பி ஒன்ன வெச்சுக் குடும்பம் நடத்தலியா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அடுப்பங்கரையில் அபி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். என்னுடைய கல்யாணத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. அது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் அங்கே கை நனைக்கக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். வேறு எது வாயில் பட்டாலும் பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்தக் குடும்பத்தோடு ஜென்மப் பகை. பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டில் உட்கார்ந்து பேசி, பிறகுதான் பதில் சொல்வது. அப்படித்தான் போனோம், நான், என் வீட்டுக்காரர், நாத்தனார் மூன்று பேரும்.

நல்ல வீடுதான், நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்லமாட்டேன். பையனும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். பெண்கள் நாங்கள் கூடத்தில் இருந்தோம். பையனின் அப்பாவும் விவசாயம். அவர் என் வீட்டுக்காரரைக் கொல்லைக்கு அழைத்துப் போய்த் தன் பலா மரத்தைக் காட்டியிருக்கிறார். காட்டியவர் ஒரு பழத்தை வெட்டிக்கொண்டே பருத்தியில் விழுகிற புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். இவருக்கு உரக்கடை அனுபவம். எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று விளக்கினார். விளக்குகிற சுவாரசியத்தில், எதிரே நீட்டிய சுளையைத் தன் வீட்டுக் கொல்லையில் எடுப்பது போல எடுத்து வாயில் போட்டுக்கொண்டுவிட்டார்.

பையனின் அம்மா கொல்லை வாசலில் நின்று பார்த்தார். "அண்ணே கை நனைச்சிட்டாங்க" என்று அவர் சொன்னது கூடத்துக்குக் கேட்டது. "அப்பறம் என்ன, எலையப் போடுங்க."

நாத்தனார் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கொல்லைக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்றார், பலாக்கொட்டையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது, அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பையனின் அப்பா அவர் தோளில் கை போட்டுவிட்டார். இவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வரிசையாக இலை போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் கால் மடங்கவில்லை.

"வெளயாடறியா? உக்காரு" என்றார் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்றைக்கு விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். இல்லாத விரதத்தைச் சாமி பெயரால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "எம் பொண்ணு விஷயத்துல நான் இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றேன். சாம்பார் வாளியோடு நின்ற அந்த அம்மாவின் முகம் கறுத்தது. நான் வாசலுக்கு வந்து வெயிலில் வண்டியருகே நின்றுகொண்டேன். உள்ளே இலை எடுக்கும்வரை அங்கேயே நின்றேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபிறகுதான் என் வீட்டுக்காரர், "வெள்ளிக்கெழமை பூ வைக்க வர்றாங்க. இனிமே மாத்த முடியாது" என்றார்.

மறுநாள் காலை தலத்தெருவுக்குப் போனேன். டீச்சர் கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தக் கதையில் வரும் தாயைவிட நான் ஒரு படி மேல், தின்பதற்கு முன்னாலேயே தடுக்கப் பார்த்தவள் என்று ஒரு நினைப்பு.

கேட்டு முடித்தார். "அபி என்ன சொல்லிச்சு?"

"அவ சின்னப் புள்ளைங்க. அவளுக்காகத்தானே டீச்சர் நான் எலையில ஒக்காராம வந்தேன்."

"அவளுக்காகச் செஞ்சீங்க. சரிதான். அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க வந்து அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாரு."

"வரமாட்டேங்க" என்றார். "அப்பா பேசியாச்சு, அத்த பேசியாச்சு, நீங்களும் பேசியாச்சு. நானும் வந்து பேசினா நாலாவது ஆளு. அவ்வளவுதான்."

உதவி கேட்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு ஆத்திரம். சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கினேன். பஸ் வரும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் காட்சி இல்லாதவருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் எங்கே தெரியும் என்றுகூட நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, நாத்தனார் வந்ததிலிருந்து அபி இந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதாக ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "வெளக்கு முன்னாடி கேக்கறேன். எதுவா இருந்தாலும் சொல்லு. அந்தப் பையனக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"அத்த போன்ல ஒரு போட்டோ பாத்தேன். அத வெச்சு என்னா சொல்றது? அவரோட பேசிப் பாத்தாதானே தெரியும்."

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்டி."

"நீ நெனச்சதுக்கு நான் என்னாம்மா பண்றது" என்றாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். "பொண்ணப் பையனோட ஒக்கார வெச்சுப் பேசவிடணுமா? பலாச்சுளையப் போட்ட வாயில ஊரு மண்ணப் போடும். அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நான் கேட்டுட்டேன். நீங்களும் ஒரு வாட்டி அவளக் கேளுங்க."

"நான் கேக்கமாட்டேன். நான் அப்பன்."

மறுநாள் அவர் வயலுக்குப் போனார், வந்தார், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். வியாழக்கிழமை மத்தியானம் அவராகவே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பையனின் அப்பாவிடம், வீட்டுக்கு வரும் முன்னால் கோயிலுக்கு வந்துவிடுங்கள், பிள்ளைகள் ரெண்டும் அங்கே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று கேட்டார். அந்தக் குரலில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கோயில் குளத்துப் படியில், எங்கள் கண்ணில் படும்படி இருவரும் உட்கார்ந்தார்கள். பேச்சு எங்களுக்குக் கேட்காது. பையனின் அம்மா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. என் வாயில் சிவநாமம் தவிர வேறு எதுவும் வரவில்லை. எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்றும் எனக்கே தெரியவில்லை. ஒரு தடவை அபி சிரித்தாள். "பாத்தியா, சிரிக்குது. எல்லாம் சரியாப் போச்சு" என்று நாத்தனார் என் தொடையில் தட்டினார்.

அபி எழுந்து வந்தாள். நேராக அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகுதான் கேட்டார். "என்னாம்மா, ஒனக்கு... சம்மதமா?"

"இல்லப்பா."

"பையன் தப்பா ஏதாச்சும் பேசினானா?"

"சேச்சே. நல்லவருதான்."

"அப்பறம் என்னா?"

"கேட்டீங்க. சொல்லிட்டேம்ப்பா."

நாத்தனார் எழுந்துவிட்டார். "கை நனைச்சாச்சு, இப்ப வந்து இவளக் கேட்டுக்கிட்டு நிக்கிற. அறிவிருக்காடா ஒனக்கு?"

என் வீட்டுக்காரர் அக்காவைத் தாண்டி நடந்தார். பையனின் அப்பாவிடம் போய் இரண்டு கையையும் கூப்பினார். "பழத்தத் தின்னது நான்தாங்க. எம் பொண்ணு திங்கல. மன்னிச்சிக்கங்க."

அந்த மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சம்சாரம் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். பையன்தான் அம்மாவின் கையிலிருந்து பூக்கூடையை வாங்கி, "அம்மனுக்குச் சாத்திடுங்க" என்று குருக்களிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனான். நாத்தனார் அதே காரில் ஏறினார். அடுத்த பொங்கல் வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று அபியோடு நானும் போனேன். டீச்சர் கேட் அருகே நின்றிருந்தார். அபி உள்ளே போன பிறகு எல்லாம் சொன்னேன். தலத்தெருவில் கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"அப்பா வாயால கேட்டாரா?" என்றார்.

"கேட்டாருங்க. கஷ்டப்பட்டுத்தான், ஆனா கேட்டாரு."

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, இத்தனை நாள் வாயில் வராதது வந்துவிட்டது. "ஒங்களத்தான் வீட்டுல யாரும் கேக்கல போலருக்கு டீச்சர்."

"கேட்டாங்கங்க" என்றார். "எங்கப்பா பட்டாளத்து ஆளு, ஆனாலும் பக்கத்துல வந்து ஒக்காந்து கேட்டாரு. நான்தான் வாயத் தொறக்கல. வெக்கமா பயமா, இப்ப நெனச்சாலும் தெரியல. அவரும் ரொம்ப நாள் காத்திருந்து பாத்தாரு. அப்பறம் பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்லியனுப்பிட்டாரு."

"இஷ்டம் இருந்துச்சா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மணி அடித்தது. "மொத பீரியட் உங்க பொண்ணு கிளாஸ்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

அன்று சாயங்காலம் அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம் என்று தட்டோடு கோயிலுக்குப் போனேன். குருக்கள் பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். முழித்தேன்.

"தெரியலேன்னா பாதகமில்லை. ஸ்வாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று தட்டுக்குக் கையை நீட்டினார்.

"வேணாம் சாமி. அவங்களையே கேட்டுக்கிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி, தட்டோடு திரும்பினேன்.